பிரிய வேண்டிய தையல்

தண்டையார்பேட்டையில் நான் பெல்ட் தைத்தேன். இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. துறைமுகத்தில் கிரேன் கொக்கியில் மாட்டிச் சரக்குத் தூக்குவார்களே, அந்த நைலான் பெல்ட். உள்ளங்கை அகலம் இருக்கும். இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும். வீட்டு மிஷினில் ஊசி இறங்காது. எங்கள் மிஷின்கள் கனமானவை. ஓட்டினால் பெஞ்சில் வைத்த டீ டம்ளர் தானாக நகரும்.

பட்டறை ஒரு குடோனின் பின்பாதி. முதலாளியைப் பாய் என்போம். என் பக்கத்து மிஷினில் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர். அவரை அண்ணா என்பேன். அவருக்கு நான் தங்கச்சி. அவர் வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அது எனக்கு வசதியாக இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெல்ட் முனையை மடித்து, நாலு பக்கமும் பெட்டி மாதிரி தைத்து, நடுவில் குறுக்காக எக்ஸ் போடுவோம். சரக்குத் தூக்கும் பெல்ட்டுக்கு ஒரு எக்ஸ். கப்பலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெல்ட்டுக்கு இரண்டு எக்ஸ். யாரும் கேட்டு வாங்குவதில்லை. பாயும் சொல்வதில்லை. ஆள் தொங்குகிற பெல்ட் என்று தெரிந்தால் கை தானாக இரண்டாவதைப் போட்டுவிடும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நாள் மத்தியானம் டீச்சர் வந்தார்.

ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முப்பது வயது இருக்கும். சுடிதார், கேன்வாஸ் ஷூ. வலது கை முழுதாக நீளவில்லை. முழங்கை கொஞ்சம் மடங்கியே இருந்தது. பெல்ட் துண்டுகளை இடது கையால் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா வோணும்மா? டபுள் தையலா, ட்ரிபிளா?" என்று பாய் கேட்டார்.

"பிரியற தையல் வேணும் பாய்."

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணன் மிஷினை நிறுத்தினார்.

"டீச்சரம்மா, பிரியற தையலு வோணும்னா பஜார்ல ரெடிமேட் சட்டை ஒண்ணு வாங்கிக்க. தொவைக்க சொல்லோ தானா பிரிஞ்சிக்கும். எங்க கைல அது வராது" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் அதையே கேட்டார்.

என் மிஷின் மேல் இருந்த கத்திரியை எடுத்தார். அதை ஒரு நூலில் கட்டினார். நூலின் மறுமுனையை அடிக்கோலின் நடுவில் கட்டினார். கோலைக் கிடையாகப் பிடித்து முன்னால் ஓட்டிக்கொண்டு போய், சட்டென்று நிறுத்தினார். கத்திரி முன்னால் வீசிப்போய்க் கோலின் முனையில் டங்கென்று அடித்தது.

"கோலுதான் ரெக்கை. கத்திரி நான்" என்றார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் பறக்கிறவர். ஹேங் கிளைடர் என்று சொன்னார். என்ஜின் கிடையாது. அலுமினியக் குழாயும் துணியும் சேர்ந்த பெரிய இறக்கை. ஆள் அதன் அடியில் ஒரு பைக்குள் குப்புறத் தொங்க வேண்டும். முன்னால் ஒரு முக்கோணக் கம்பி. அதைத் தள்ளினால், இழுத்தால், உடம்பு நகரும். உடம்பு நகர்ந்தால் இறக்கை திரும்பும். தரையில் கயிறு கட்டி ஜீப் இழுக்கும். மேலே போனதும் கயிற்றைக் கழற்றிவிடுவார்கள்.

இறங்கும்போதுதான் ஆபத்து. இறக்கையின் மூக்கு தரையில் குத்தினால் இறக்கை நின்றுவிடும். தொங்குகிற ஆள் நிற்க மாட்டார். கத்திரி மாதிரி முன்னால் வீசிப்போவார். தலை நடுக் குழாயில் மோதும். கம்பியைப் பிடித்திருக்கும் கை முறியும். அவருக்குக் கை முறிந்தது. தோளுக்குக் கீழே இரும்புத் தகடு வைத்திருந்தார்கள்.

"வுழ சொல்லோ கைய வுட்டுடறதுதானே?" என்றார் அண்ணன்.

"அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. விழறப்போ நீங்க விடுவீங்களா ணா?"

அண்ணன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

டீச்சர் கேட்டது இதுதான். இறக்கையின் வால் பக்கத்திலிருந்து அவர் முதுகுக்கு ஒரு பெல்ட். அவர் முன்னால் வீசிப்போகும்போது அது பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். ஆனால் டக்கென்று பிடித்தால் முதுகு போய்விடும். அதனால் பெல்ட்டை மடித்து மடித்து, குறுக்கு வரிசையாகத் தைக்க வேண்டும். இழுப்பு வந்தால் வரிசை ஒவ்வொன்றாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் வேகத்தைத் தின்ன வேண்டும்.

"பிடிச்சுக்கினே விடணும் பாய்."

பாய்க்குப் புரிந்துவிட்டது. "கப்பலைக் கட்டறவன் கயித்தைக் கட்டையில சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா வுடுவானே, அந்த மாரி."

"அதேதான்."

"வெளிநாட்டுல இது கெடைக்காதா?"

"வேற வேற கிடைக்குது. நெஞ்சுக்குக் காத்துப் பை, சக்கரம், நல்ல ஹெல்மெட்டு. இந்த மாதிரி பெல்ட்டு நான் பாக்கல. என் கைக்கு இது வேணும்."

டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அதே இடத்தில் இன்னொரு தடவை முறிந்தால் அந்தக் கை தேறாது. பறப்பது மட்டும் இல்லை, பள்ளிக்கூடத்தில் பந்துகூடப் போட முடியாது. விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். டீச்சருக்கு விட மனசில்லை. அதனால் எங்களிடம் வந்தார். இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. எங்கே பஸ் ஏற வேண்டும் என்று சொல்வது போல் சொன்னார்.

பாய் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையை விட்டுக்கொடுத்தார். பள்ளிக்கூடம் லீவு இருந்தால் டீச்சர் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார்.

முதல் காரியம், அவர் எடைக்கு ஒரு சாக்கில் மணல் நிரப்பினோம். பழைய இரும்புக்கடைத் தராசில் டீச்சர் ஏறி நின்றார். தெருவில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"டீச்சரம்மா வெயிட்டு இப்ப தண்டையார்பேட்டைக்கே தெரிஞ்சிபூச்சி" என்றார் அண்ணன்.

"அந்த மணல்ல பாதிய உங்க வயித்துல இருந்து எடுத்துருக்கலாம் ணா. மணல் அள்ளக் கடலுக்குப் போவ வேண்டிய வேலை மிச்சம்."

அண்ணனை அப்படி யாரும் மடக்கி நான் பார்த்ததில்லை.

டீச்சர் சாக்கின் அடியில் ஒரு பரங்கிக்காயைக் கட்டினார். அது தலை. கூரை உத்தரத்தில் பாரம் தூக்க மாட்டியிருந்த செயின் பிளாக்கில் சாக்கை ஏற்றினோம். பெல்ட்டின் ஒரு முனை உத்தரத்தில், மறுமுனை சாக்கில். கீழே ஒரு பலகை. அதுதான் குழாய். கொக்கியைத் தட்டினால் சாக்கு விழும். பெல்ட் பிடிக்க வேண்டும். பரங்கிக்காய் பலகையைத் தொடக்கூடாது.

"பாய், கடைக்கு திஷ்டி கழிக்கிறாங்கோ, பாத்துக்க" என்றார் அண்ணன்.

முதல் பெல்ட்டை நான் தைத்தேன். டீச்சர் சொன்ன மாதிரி குறுக்கு வரிசைதான். ஆனால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் என் கை திரும்பி வந்து பூட்டுத் தையல் போட்டது. அப்படிப் போட்டுத்தான் பழக்கம். கொக்கியைத் தட்டினோம். சாக்கு விழுந்தது. பெல்ட் பிடித்தது. ஒரு தையல் பிரியவில்லை. சாக்கு கிழிந்து மணல் முழுக்கத் தரையில் கொட்டியது. பரங்கிக்காய் கட்டறுந்து சுவருக்குப் போய்விட்டது.

அண்ணன் கைதட்டினார். "பாத்தியா தங்கச்சி! நம்ம தையலு எங்கியாவது பிரியுமா!"

டீச்சர் கிழிந்த சாக்கைத் தூக்கி அண்ணனிடம் காட்டினார்.

"ணா, இதுதான் நான்."

அண்ணன் கையை இறக்கினார். மணலைக் கூட்டி அள்ளினோம்.

அடுத்தது மெல்லிய நூல். ஒரே இழுப்பில் எல்லா வரிசையும் பிரிந்து, பரங்கிக்காய் பலகையில் நொறுங்கியது. அதற்கடுத்தது பாதியில் சிக்கி நின்றது. பல வாரம் இப்படியே போனது. டீச்சர் வரும்போதெல்லாம் வலைப்பையில் ஒரு பரங்கிக்காய் வாங்கி வருவார். உடைந்ததை நாங்கள் பங்குபோட்டு வீட்டுக்கு எடுத்துப் போவோம். பட்டறையில் இருந்த எல்லார் வீட்டிலும் பரங்கிக்காய் சாம்பார். பாய் வீட்டில் அல்வா கிண்டினார்கள். "டீச்சர், அடுத்த தபா கத்திரிக்காய்ல டெஸ்ட் பண்ணும்மா, புண்ணியமா பூடும்" என்று பாயே ஒருநாள் கெஞ்சினார்.

எனக்கு டீச்சரிடம் பிடித்தது அவர் வேலை செய்த விதம். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். நூலை மாற்றினால் வரிசையைத் தொடமாட்டார். வரிசையை மாற்றினால் நூலைத் தொடமாட்டார். எங்களுக்கு அவசரம். இதையும் அதையும் சேர்த்து மாற்றிப் பார்த்துவிடலாமே என்போம். "அப்புறம் எதனால ஆச்சுன்னு தெரியாதுக்கா" என்பார். சாக்கு நின்ற உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார். பிரிந்த பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்ப்பார். அறுந்த நூல் நுனியை விரலில் உருட்டிப் பார்ப்பார். ஒரு தடவைகூட எங்களைக் குறை சொன்னதில்லை. தோற்றுப்போன பெல்ட்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

கடைசியில் வழி கிடைத்தது. முதல் வரிசைகள் பருத்தி நூலில், தள்ளித் தள்ளி. அப்புறம் நைலான் நூல், நெருக்கமாக. பூட்டுத் தையல் எங்கேயும் கிடையாது. அன்றைக்குச் சாக்கு விழுந்தபோது பெல்ட் டர்ர்ரென்று பிரிந்துகொண்டே போய், வேகம் குறைந்து, பலகைக்கு ஒரு சாண் மேலே நின்றது. பரங்கிக்காய் லேசாக ஆடியது. டீச்சர் அதைத் தடவிக் கொடுத்தார். அப்புறம் அதே மாதிரி இன்னொன்று தைக்கச் சொன்னார். அதுவும் நின்றது. மூன்றாவதும் நின்ற பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

அப்புறம் நீளம் பார்க்க வேண்டும். பறக்கும் பையைக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டி, டீச்சரே அதற்குள் குப்புறத் தொங்கினார். நானும் அண்ணனும் முன்னால் ஒரு குழாயை அந்த முக்கோணக் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டோம். தெருவே வாசலில் நின்றது.

"இன்னா டீச்சர், பல்லி மாரி கீற?"

"ஃபேனைப் போடாத பாய், டீச்சர் சுத்தப் போறாங்கோ!"

டீச்சர் காதில் வாங்கவில்லை. குழாயை இடுப்புவரை இழுத்தார். உடம்பு முன்னால் போனது. "இதுவரைக்கும் பெல்ட்டு என்னை இழுக்கவே கூடாதுக்கா. இழுத்தா என்னால வேகம் எடுக்க முடியாது. அப்ப இதுவே என்னைக் கீழ தள்ளிடும். இதுக்கு அப்பால ஒரு விரக்கடை போனா உடனே பிடிக்கணும்." நான் அந்த இடத்தில் பெல்ட்டில் குறி வைத்தேன். மறுபடி இழுத்தார். மறுபடி குறி. வலது கை குழாயிலிருந்து நழுவியது. இறங்கச் சொன்னேன். இறங்கவில்லை.

நெஞ்சுக்கும் ஒரு மெத்தை தைத்தோம். காசிமேட்டுப் பக்கம் கப்பலில் இருந்து கழித்த பழைய லைஃப் ஜாக்கெட் கிடைக்கும். அதைப் பிரித்து உள்ளே இருந்த பஞ்சுக்கட்டையை எடுத்தோம். டீச்சர் ஒவ்வொரு துண்டையும் முட்டியால் அழுத்தி, எது மெதுவாக எழும்புகிறது என்று பார்த்துப் பொறுக்கினார். அந்த வேலை எனக்கும் அவருக்கும் மட்டும். தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எதுக்கு டீச்சர் இவ்ளோ பாடு? மேல அப்படி இன்னாதான் கீது?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சத்தம் இல்லக்கா" என்றார்.

எங்கள் தெருவில் லாரி, பட்டறை, சுத்தியல், மிஷின். நான் வீட்டில்கூடக் கத்தித்தான் பேசுவேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

பறக்கும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெல்ட்டை வெள்ளிக்கிழமை நான் தைத்து முடித்தேன். சனிக்கிழமை மணலி புதுநகரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். நான் லீவு. சாயங்காலம் டீச்சர் வந்து வாங்கிப் போவதாகப் பேச்சு. ஞாயிறு காலையில் நானும் அண்ணனும் போய்ப் பார்ப்பதாகவும் பேச்சு.

தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ரயில் ஏறி உட்கார்ந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, நேத்து டீச்சரம்மா வர்றதுக்கு முன்ன நான் ஒரு வேலை பண்ணிட்டேன். நீ தெச்சது பாக்கறதுக்கே பாவமா இருந்துச்சு. இப்டித் தொட்டா அப்டிப் பிரியும் போல. மனசு கேக்கல. நடுவுல ஒரு எக்ஸ் போட்டு வுட்டேன். நல்லா கெட்டியா, நம்ம கப்பல் நூல்ல."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"ணா, டெஸ்ட்டு பண்ண சொல்லோ நீயும்தானே இருந்த?"

"அது சாக்குக்கு, தங்கச்சி. இது ஆள் தொங்குற பெல்ட்டு."

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் அவர் தைத்த பெல்ட்டில் எத்தனையோ பேர் கப்பல் பக்கத்தில் தொங்கியிருக்கிறார்கள். ஒருத்தரும் விழுந்ததில்லை. தனக்கு வேண்டியவருக்குக் கூடுதலாக ஒரு எக்ஸ். அது அவர் கொடுக்கிற மரியாதை.

"மொத தபா சாக்கு கிழிஞ்சதே, ஞாபகம் கீதா?" என்றேன்.

அண்ணன் சிரிப்பு போய்விட்டது. மடிப்பெல்லாம் சேர்த்து எக்ஸ் போட்டால் பெல்ட் பிரியாது. பிரியாவிட்டால் டீச்சர் முதுகு போகும். முதுகு தப்பித்தால் கை. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் திருவொற்றியூர் தாண்டி, எண்ணூருக்கு முன்னால் சரக்கு வண்டிக்காக நின்றது. அண்ணன் எழுந்து கதவுக்குப் போனார். வந்து உட்கார்ந்தார். மறுபடி போனார். "இறங்கி ஓடிடலாமா தங்கச்சி?" என்றார். ஓடுகிற தூரம் இல்லை. டீச்சரிடம் செல்போன் கிடையாது. அப்போது எங்களில் பாயிடம் மட்டும்தான் இருந்தது.

எண்ணூருக்கு வடக்கே உப்பளம் காய்ந்து கிடந்த வெளி. அங்கேதான் அவர்கள் கிளப் பறக்கும். ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். அண்ணன் நடக்கவில்லை, ஓடினார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தூரத்தில் நீலமும் ஆரஞ்சுமாக இறக்கை தெரிந்தது. தரையில்தான் இருந்தது. பக்கத்தில் ஜீப் நின்றது.

டீச்சர் இறக்கை நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பெல்ட். கையில் பிளேடு. எக்ஸின் நூலை ஒவ்வொரு கண்ணியாக அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். பாதி முடிந்திருந்தது.

அண்ணன் போய் எதிரில் குந்தினார். மூச்சு வாங்கியது.

"வாங்க ணா" என்றார் டீச்சர். தலை நிமிரவில்லை. "இது உங்க கையின்னு நூலைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"டீச்சரம்மா, நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும் ணா. என் மேல கீற பாசத்தை வேற எதுலயாவது தெச்சுக் குடுங்க. ஒரு பை தெச்சுக் குடுங்க, காய் வாங்கப் போறதுக்கு."

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். மாட்டுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் எல்லாத் தையலையும் தடவிப் பார்ப்பாராம். எப்போதும் அப்படியாம். "கண்ணு அவசரப்படும்கா. விரல் அவசரப்படாது." பெல்ட் மட்டும் இல்லை. இறக்கையில் உள்ள ஒவ்வொரு போல்ட், ஒவ்வொரு கம்பி, ஹெல்மெட் வார். நாங்கள் வராமல் இருந்தாலும் அந்த எக்ஸ் மேலே போயிருக்காது.

கடைசி நூலைப் பிடுங்கியதும் பெல்ட்டை என்னிடம் கொடுத்தார். அடி வரிசைகளில் எதுவும் பிளேடு பட்டு அறுந்திருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இல்லை என்றேன். அப்புறம் அண்ணனிடம் கொடுத்து அவரையும் பார்க்கச் சொன்னார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"சுத்தமா கீதும்மா" என்றார்.

டீச்சர் பைக்குள் புகுந்தார். கிளப்பின் தலைவர், நரைத்த தலைக்காரர், பெல்ட்டின் மறுமுனையை வால் பக்கம் மாட்டினார். ஜீப் கிளம்பியது. டீச்சர் நாலு எட்டு ஓடினார். கால் தரையை விட்டது. கயிறு மேலே மேலே போனது. அப்புறம் கயிறு மட்டும் கீழே விழுந்தது.

சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய இறக்கை தலைக்கு மேலே போகிறது, ஒரு சத்தம் இல்லை. கடல் பக்கம் போனார். புகைபோக்கிகளின் பக்கம் திரும்பினார். வட்டம் அடித்தார். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நின்றார். நான் பெல்ட்டை மட்டும் பார்த்தேன். கறுப்புக் கோடு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவரை இழுக்கவில்லை.

இறங்க வந்தார். நேராகத்தான் வந்தார். தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் காற்று திரும்பியது. எங்கள் பின்னாலிருந்து வீசியது முன்னாலிருந்து முகத்தில் அடித்தது. "ஐயோ" என்றார் தலைவர். இறக்கையின் மூக்கு தாழ்ந்து உப்பு மண்ணில் குத்தியது. புழுதி எழுந்தது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து டர்ர்ரென்று தையல் பிரிகிற சத்தம் வந்தது.

நாங்கள் ஓடினோம். அண்ணன்தான் முதலில் போனார்.

இறக்கை மூக்கைக் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. டீச்சர் அதன் நடுவில் தொங்கினார். இரண்டு கையும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. விடவே இல்லை. ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் பெல்ட், பிரிந்த நூலெல்லாம் பிசிராக நீட்டிக்கொண்டு, விறைப்பாக நின்றது.

அண்ணன் அவரைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க ணா!" என்றார் டீச்சர். "பெல்ட்ட யாரும் தொடாதீங்க. எத்தனை வரிசை மிச்சம் இருக்குன்னு பாருக்கா."

நான் பார்த்துச் சொன்னேன். பருத்தி நூல் வரிசை முழுக்கப் போயிருந்தது. நைலான் வரிசையில் பாதிக்கு மேல் போயிருந்தது. மிச்சம் அப்படியே இருந்தது. சரி என்றார். அதற்கப்புறம்தான் இறக்கச் சொன்னார்.

தரையில் உட்கார வைத்தோம். ஹெல்மெட்டைக் கழற்றினேன். வலது கையை மெதுவாகத் தூக்கினார். தோள் வரை வந்தது. இன்னும் தூக்கினார். காதுக்குப் பக்கத்தில் வந்தது. விரல்களை மடக்கி நீட்டினார். முகத்தில் புழுதி. உதட்டில் கொஞ்சம் ரத்தம், கடித்துக்கொண்டிருப்பார்.

"கை கீது" என்றார்.

அண்ணன் எழுந்து ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். "புழுதி" என்றார்.

இறக்கையில் ஒரு குழாய் வளைந்திருந்தது. மாற்றுக் குழாய் ஜீப்பிலேயே இருந்தது. அதை மாற்றி முடித்ததும் தலைவர் டீச்சரிடம் வந்தார். காற்று இப்போது ஒழுங்காக இருக்கிறது, பயம் உட்காருவதற்குள் இன்னொரு தடவை போய் வந்துவிடு என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. டீச்சர் இறக்கையைப் பார்த்தார். ஆசை முகத்தில் தெரிந்தது.

"பெல்ட்டு தீந்துபோச்சு சார்" என்றார். "புதுசு தெச்சுட்டு வரேன்."

அவ்வளவுதான். தலைவர் கையை நீட்டினார். பெல்ட்டை வாங்கிப் பார்த்தார். பிரிந்த வரிசைகளைத் தன் கட்டைவிரலால் தடவினார். கிளப்பில் மற்றவர்களுக்கும் தைத்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"இன்னும் முடியல சார்" என்றார் டீச்சர். "முதல்ல கொஞ்சம் டக்குன்னு பிடிச்சுது. அதைச் சரி பண்ணணும். அப்புறம் ஒவ்வொருத்தர் வெயிட்டுக்கும் தனித்தனியா தைக்கணும். எல்லாருக்கும் ஒரே பெல்ட்டு ஆகாது."

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. டீச்சர் ஜன்னல் பக்கம். அண்ணன் எதிரில், பெல்ட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். திருவொற்றியூரில் ஏறிய ஒருவர், தோளில் துண்டு போட்டவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெல்ட்டையும் அண்ணன் முகத்தையும் பார்த்தார்.

"இன்னா நைனா, புதுசா கீது, இப்டிப் பிஞ்சிபூச்சி? எவன் தெச்சது?"

"நாங்கதான்பா தெச்சோம்" என்றார் அண்ணன். "சோக்கா பிஞ்சிது."

அந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

டீச்சர் சிரித்தார். சிரித்ததும் விலாவில் வலித்திருக்க வேண்டும், பிடித்துக்கொண்டார். அப்புறம் பெல்ட்டின் முதல் மடிப்பை விரலால் காட்டினார்.

"ணா, இந்த இடத்துல ஒரு வரிசை எடுத்துடலாமா? இல்ல, நூலை இன்னும் மெல்லிசாப் போடலாமா?"

அண்ணன் யோசித்தார். அவர் யோசித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஒரு தபாவுக்கு ஒண்ணுதானே மாத்தணும்?" என்றார். "மொதல்ல நூலை மாத்திப் பாக்கலாம் டீச்சரம்மா. அடுத்த லீவுக்கு வர சொல்லோ பரங்கிக்காய் வாங்கினு வந்துடு."